கொர்பு மலையில் குளிராமல் தூங்க: உடுப்பையும் ஸ்லீப்பிங் பேக்கையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்

மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் காத்தாடி இல்லாமல் கண்ணை மூட முடியாது. இங்கே பிறந்து வளர்ந்த நமக்குக் குளிர் என்றால் விடியற்காலையில் மோட்டார் சைக்கிளில் போகும்போது நெஞ்சில் படும் காற்று, அவ்வளவுதான். அதனால் முதல் தடவை மலையேற வரும் பிள்ளைகள் சோறு, மெகி, கேஸ் அடுப்பு எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து அடுக்கிவிட்டு, போர்வை என்று வந்தால் மட்டும் "ஒரு கைலி போதும் அண்ணே" என்கிறார்கள். போதாது. மேலே போய்த் தூங்காமல் கிடந்து, மறுநாள் கால் தள்ளாடி இறங்கி வந்தவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு ராத்திரியோடு மலையே வேண்டாம் என்று விட்டவர்களும் உண்டு. அதுதான் எனக்கு வருத்தம்.

நானும் அப்படி ஒரு ராத்திரியைக் கண்டவன்தான். பத்தொன்பது வயதில் முதல் பயணம். பாட்டி தோட்டத்தில் வேலை செய்த காலத்துக் கம்பளியை எடுத்துப் போனேன், நல்ல கனமான கம்பளி. தரையில் ஒரு பிளாஸ்டிக் விரிப்பு, அதன்மேல் நான், என்மேல் கம்பளி. ஏறும்போது வியர்த்த சட்டையை மாற்றவில்லை, உடம்புச் சூட்டில் தானே காயும் என்று நினைத்தேன். இரண்டு மணிக்கு விழிப்பு வந்தபோது மேலே நெஞ்சு கதகதப்பாகத்தான் இருந்தது. முதுகும் இடுப்பும்தான் சில்லிட்டுக் கிடந்தன. கையை முதுகுக்குக் கீழே விட்டுப் பார்த்தேன், சட்டை இன்னும் ஈரம், அதற்குக் கீழே பிளாஸ்டிக் ஐஸ் மாதிரி. கம்பளி மேல் ஒரு குறையும் இல்லை. தரையும் ஈரச் சட்டையும்தான் என்னைத் தூங்கவிடவில்லை என்பது எனக்குப் புரியப் பல பயணங்கள் ஆயின. நீங்கள் அவ்வளவு காலம் எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில், மேலே எவ்வளவு குளிரும்?

ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறு டிகிரி குறையும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் ராத்திரி 24 டிகிரி என்றால், 2,000 மீட்டரில் 12 டிகிரி. குனோங் கொர்பு 2,183 மீட்டர், யோங் பெலார் 2,181, கேமரனில் உள்ள குனோங் ஈராவ் 2,110. தீபகற்பத்தில் ஆக உயரமான தாஹானே 2,187 மீட்டர்தான், ஆகவே நம் பக்கத்து மலைகள் ஒன்றும் சின்னவை அல்ல. கேமரன் மலையில் 1978 பிப்ரவரி 1-ஆம் தேதி 7.8 டிகிரி வரை இறங்கியிருக்கிறது. அந்த அளவு அடிக்கடி வராது, ஆனால் பத்துப் பன்னிரண்டு டிகிரிக்குத் தயாராகப் போக வேண்டும்.

பன்னிரண்டு டிகிரி என்று கேட்டால் பெரிதாகத் தெரியாது. ஆனால் நம் மலைகளின் குளிர் ஈரக் குளிர். மத்தியானத்துக்கு மேல் மழை, மழை இல்லாவிட்டால் பனிமூட்டம், பாசி படர்ந்த மரங்களிலிருந்து நாள் முழுக்கச் சொட்டும் தண்ணீர். காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். ஈர உடுப்போடு காற்றில் உட்கார்ந்திருந்தால் 12 டிகிரியிலும் உடம்புச் சூடு ஆபத்தான அளவுக்கு இறங்கும். நடுக்கம் நிற்காமல் போவது, பேச்சு குழறுவது, விரலால் ஜிப்பைப் பிடிக்க முடியாமல் தடுமாறுவது, இவற்றில் எதைக் கண்டாலும் அந்த ஆளை உடனே காய்ந்த உடுப்புக்கு மாற்றி ஸ்லீப்பிங் பேக்குக்குள் போடுங்கள். விழுங்க முடிந்தால் சூடாக இனிப்பாக ஏதாவது குடிக்கக் கொடுங்கள். "கொஞ்சம் பொறு, சரியாகிவிடும்" என்று விடக்கூடாது.

பை சூடு தராது

இதை மனத்தில் நிறுத்திக்கொண்டால் மற்றதெல்லாம் சுலபம். ஸ்லீப்பிங் பேக் ஆகட்டும், குவில்ட் என்னும் முதுகில்லாத போர்வை ஆகட்டும், ஜாக்கெட் ஆகட்டும், எதிலும் சொந்தமாகச் சூடு கிடையாது. சூடு உங்கள் உடம்பிலிருந்து வருவது. அது ஓடிப்போகாமல் பிடித்து வைப்பது பஞ்சோ தூவியோகூட இல்லை, அவற்றுக்கு நடுவே அசையாமல் நிற்கும் காற்று. உப்பி இருக்கும் வரைதான் அந்தக் காற்று இருக்கும். அமுக்கினால் போச்சு, நனைந்தாலும் போச்சு.

ஆகவே உடுப்பு தனி, பை தனி என்று பார்க்காதீர்கள். தோலிலிருந்து பையின் வெளித்துணி வரை எல்லாம் சேர்ந்து ஒரே போர்வை. ரப்பர் பால் வெட்டப் போன காலத்தில் பாட்டி இதை யாரும் சொல்லிக்கொடுக்காமலே செய்தார். இருட்டோடு கிளம்பும்போது சேலைமேல் தாத்தாவின் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, அதைக் காதை மறைத்து ஒரு முடிச்சு. வெயில் மரத்துக்குள் இறங்க இறங்க ஒவ்வொன்றாகக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொள்வார். கனமான ஒரே உடுப்புக்குப் பதில் மெல்லிதாகப் பல உடுப்பு, தேவைக்கு ஏற்றி இறக்குவது. மலையிலும் அதே வேலைதான்.

தரையிலிருந்து தொடங்குங்கள்

புதியவர்கள் பைக்குத்தான் முதலில் காசு போடுகிறார்கள். நான் பாயிலிருந்து தொடங்கச் சொல்வேன். நீங்கள் படுத்ததும் உங்கள் எடையில் பையின் கீழ்ப்பகுதி நசுங்கிவிடும், அங்கே காற்று இல்லை, ஆகவே சூடும் இல்லை. அந்த இடத்தைக் காப்பது பாய் மட்டும்தான்.

பாயின் திறனை ஆர் எண்ணால் சொல்வார்கள். எண் கூடக்கூடத் தரைக்குப் போகும் சூடு குறையும். மடித்துத் தூக்கும் நல்ல ஃபோம் பாய் ஏறக்குறைய 2 வரும். உள்ளே ஒன்றுமே இல்லாமல் வெறும் காற்று ஊதும் மெத்தை 1 பக்கத்தில்தான் இருக்கும், மெத்தென்று இருப்பதை வைத்து ஏமாறாதீர்கள். ஒன்றின்மேல் ஒன்று போட்டால் இரண்டு எண்களும் கூடும். கொர்பு, ஈராவ் மாதிரி இடங்களுக்கு 2 போதும். பாய் வாங்கக் காசு இல்லையென்றால் காலித் தோள்பை, கயிறு, மழைக்கோட்டு எல்லாவற்றையும் முதுகுக்கும் இடுப்புக்கும் கீழே பரப்புங்கள். சும்மா கிடப்பதைவிட எவ்வளவோ மேல்.

ஹேமக்கில், அதாவது மரங்களுக்கு நடுவே கட்டும் தொங்கு படுக்கையில், தூங்குபவர்கள் நம் பக்கம் நிறைய. அட்டைக்கும் ஈரத் தரைக்கும் அது நல்லதுதான், ஆனால் குளிர் அதில் கூடுதல். கீழே காற்று ஓடிக்கொண்டே இருக்கும், பை அங்கேயும் நசுங்கித்தான் கிடக்கும். ஹேமக்குக்குள்ளேயே ஃபோம் பாயை விரித்துப் படுங்கள், அல்லது ஹேமக்கின் வெளியே அடியில் தொங்கவிடும் குவில்ட் வாங்குங்கள்.

பையா, குவில்ட்டா?

நல்ல பைகளின் லேபிளில் இரண்டு மூன்று எண்கள் இருக்கும். ஐரோப்பாவில் 2002-இல் வந்த தர அளவு, 2016-இல் ஐஎஸ்ஓ 23537 என்று உலகப் பொதுவானது. அதில் கம்ஃபர்ட் என்ற எண்தான் உங்களுக்கு, நிம்மதியாகத் தூங்கக்கூடிய அளவு அது. லிமிட் என்பது ஓர் ஆண் உடம்பைச் சுருட்டிக்கொண்டு சமாளிக்கும் அளவு. எக்ஸ்ட்ரீம் என்பது தூங்கும் அளவே இல்லை, உயிர் தப்பும் அளவு. சில கடைகள் அந்த எக்ஸ்ட்ரீம் எண்ணைத்தான் பெரிய எழுத்தில் போட்டு விற்கின்றன, அதைப் பார்த்து வாங்கியவர்கள் என்னிடம் வந்து அழுதிருக்கிறார்கள்.

இன்னொன்று, இது முக்கியம். அந்த எண்களை அளக்கும்போது பைக்குள் இருக்கும் பொம்மைக்கு முழுக்கை மேலுடுப்பு, நீளக் காலுடுப்பு, காலுறை எல்லாம் போட்டு, கீழே பாயும் விரித்துத்தான் அளக்கிறார்கள். அதாவது லேபிளில் உள்ள கணக்கிலேயே உடுப்பும் பாயும் சேர்ந்திருக்கின்றன. ஒன்றும் போடாமல் தூங்கினால்தான் பை நன்றாகச் சூடாகும் என்று ஒரு பேச்சு ஊரெல்லாம் உண்டு. தப்பு. ஈர உடுப்போடு தூங்குவதைவிட அது மேல் என்பது மட்டும் உண்மை.

நம் மலைகளுக்குக் கம்ஃபர்ட் 10 டிகிரி உள்ள பை போதும், மீதியை உடுப்பு பார்த்துக்கொள்ளும். என் அனுபவத்தில் ஒரு ஃபிலீஸ் (உப்பலான செயற்கைத் துணி) மேலுடுப்பு, நீளக் கால்சட்டை, குல்லாய் மூன்றும் சேர்ந்தால் மூன்று நான்கு டிகிரியாவது தாங்கும். இன்னும் கனமான பை வாங்கினால் நெஞ்சு வரை ஜிப்பைத் திறந்து போட்டு வியர்த்துக்கொண்டு கிடப்பீர்கள், பிறகு அந்த வியர்வையே குளிரும்.

உள்ளே என்ன நிரப்பியிருக்கிறது என்று பாருங்கள். வாத்துத் தூவி லேசு, சின்னதாக மடங்கும், நன்றாக உப்பும். ஆனால் நனைந்தால் கோழி இறகு மாதிரி ஒட்டிக்கொண்டு ஒன்றுக்கும் உதவாது. பாலியெஸ்டர் பஞ்சு கொஞ்சம் கனம், இடமும் பிடிக்கும், ஆனால் ஈரம் பட்டாலும் ஓரளவு தாங்கும், சீக்கிரம் காயும், விலையும் குறைவு. மழைக்காட்டுக்குப் போகும் புதியவர் பஞ்சையே வாங்குங்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

குவில்ட் என்பது முதுகுப் பகுதியை வெட்டி எடுத்த பை மாதிரி. எப்படியும் நசுங்கப்போகும் இடத்துக்கு எதற்குப் பஞ்சு என்ற கணக்கு. நம் தட்பவெப்பத்துக்கு இது ரொம்பப் பொருத்தம் என்பேன், ஏனென்றால் ஒன்பது மணிக்கு 17 டிகிரியில் வயிற்றுக்கு மட்டும் போர்த்திக்கொள்ளலாம், மூன்று மணிக்குக் குளிர் இறங்கும்போது கால் பக்கத்தைக் கூம்பாக மூடி, ஓரங்களைப் பாயைச் சுற்றிக் கட்டும் வாரில் மாட்டி, கழுத்தில் இறுக்கிக்கொள்ளலாம். ஆனால் புரண்டு படுக்கிறவர்களுக்கு ஓரம் விலகி, ஒரு கீற்றுக் காற்று முதுகில் பாயும். வாரை மாட்டாமல் விடாதீர்கள். குவில்ட்டில் தலைமூடி கிடையாது என்பதால் குல்லாய் கட்டாயம். வெறும் முதுகு நேராகப் பாயில் படுவதால் மேலுடுப்பும் கட்டாயம். சொல்லப்போனால் குவில்ட்டோடு உடுப்பையும் சேர்த்தால்தான் அது முழுமையான படுக்கை.

உடுப்பு: இரண்டு ஜோடி, கலக்கவே கூடாது

நடக்க ஒரு ஜோடி, தூங்க ஒரு ஜோடி. நடக்கும் ஜோடி நனையட்டும், சேறாகட்டும், கவலையில்லை. தூங்கும் ஜோடியை இரண்டு பிளாஸ்டிக் பைகளில் போட்டுக் காற்றை அமுக்கி வெளியேற்றி, முறுக்கி முடிச்சுப் போட்டுத் தோள்பையின் நடுவில் வையுங்கள். மழைக்கு மேலே போடும் உறையை மட்டும் நம்பாதீர்கள், ஆற்றைக் கடக்கும்போது தண்ணீர் கீழிருந்து வரும். ஸ்லீப்பிங் பேக்குக்கும் இதே மாதிரி இரட்டைப் பை.

தூங்கும் ஜோடியில் என்னென்ன? தோலோடு படுவதற்கு மெல்லிய பாலியெஸ்டர் அல்லது மெரினோ கம்பளியில் முழுக்கை மேலுடுப்பு, அதே மாதிரி நீளக் கால்சட்டை. அதன்மேல் ஃபிலீஸ். தளர்வான தடித்த காலுறை, குல்லாய். பருத்தி வேண்டாம், அது தண்ணீரைக் குடித்தால் விடாது. ஃபிலீஸுக்குப் பெரிய கடைக்கெல்லாம் போக வேண்டாம், நம் ஊர்ப் பண்டல் (பழைய துணி) கடைகளில் கிளறினால் ஜப்பான், கொரியாவிலிருந்து வந்த நல்ல ஃபிலீஸ் பத்து இருபது வெள்ளிக்குக் கிடைக்கும். கையில் எடுத்துக் கசக்கி விடுங்கள், உடனே எழும்பினால் நல்லது, தட்டையாகவே கிடந்தால் வேண்டாம். ஒரு அளவு பெரியதாக எடுங்கள்.

ஏன் பெரியது? இங்கேதான் உடுப்பும் பையும் சண்டை போடும். ஒடுங்கிய பைக்குள் தடித்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு நுழைந்தால், உள்ளிருந்து ஜாக்கெட் தள்ளும், வெளியிலிருந்து பை அழுத்தும், இரண்டின் உப்பலும் செத்துப்போகும். இரண்டு சூடான சாமான் இருந்தும் ஒன்றின் பலன்கூடக் கிடைக்காது. வீட்டிலேயே இதைச் சோதிக்கலாம். எல்லா உடுப்பையும் போட்டுக்கொண்டு பைக்குள் நுழைந்து ஜிப்பை மூடுங்கள், முழங்காலை மடக்குங்கள், கையை நெஞ்சில் கட்டுங்கள். தோளிலோ முட்டியிலோ துணி இழுத்துப் பிடித்தால் அங்கே குளிரும். அப்போது ஜாக்கெட்டைக் கழற்றிப் பைக்கு மேலே நெஞ்சுப் பக்கம் போர்த்துங்கள், அல்லது ஜிப்பை மூடிப் பையின் கால் முனையில் உறை மாதிரி மாட்டிவிடுங்கள். கால் குளிர்கிறவர்களுக்கு இது பெரிய உதவி. மழைக்கோட்டை மட்டும் பையின்மேல் முழுக்கச் சுற்றாதீர்கள், உடம்பின் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே கோக்கும்.

காலுறை இறுக்கமாக இருக்கக்கூடாது, இரண்டு ஜோடியைத் திணித்துப் போட்டால் ரத்த ஓட்டம் குறைந்து இன்னும் குளிரும்.

சாயங்காலம் முதல் விடியும் வரை

சரி, முகாமுக்கு வந்துவிட்டீர்கள். ஆற்றங்கரைப் பள்ளம் வேண்டாம், குளிர்ந்த காற்று கனம் என்பதால் ராத்திரி அங்கேதான் வழிந்து தேங்கும், மழை பெய்தால் தண்ணீரும் ஏறும். மொட்டை முகடும் வேண்டாம், காற்று அடிக்கும். மாலிம் (மலை வழிகாட்டி) காட்டும் இடத்தில் கூடாரம் போடுங்கள், வழி தெரிந்தவர் அவர். முதலில் ஃபிளைஷீட்டை, அதாவது மழைக்கு மேலே கட்டும் விரிப்பை, கட்டுங்கள். அதன் கீழே நின்று ஈர உடுப்பைக் கழற்றி, துண்டால் உடம்பை அழுத்தித் துடைத்து, அதிலும் கால் விரல் இடுக்கையும் தலைமுடியையும் விடாமல், அப்புறம்தான் தூங்கும் ஜோடி. உடம்பு சூடாக இருக்கும்போதே மாற்றிவிட வேண்டும். நடுக்கம் வந்த பிறகு மாற்ற மனசே வராது.

பையை உடனே வெளியே எடுத்து உதறிவிடுங்கள். நாள் முழுக்க நசுங்கிக் கிடந்தது, உப்ப அரை மணி நேரமாவது வேண்டும்.

சாப்பாட்டைக் குறைக்காதீர்கள். வயிறு காலியாக இருந்தால் உடம்பு எதை வைத்துச் சூடு உண்டாக்கும்? சோறு, சம்பால், நெத்திலி, படுக்கும் முன்பு ஒரு பிடி கச்சான், ஒரு கோப்பை மைலோ. கச்சானில் உள்ள எண்ணெய் மெதுவாகச் செரித்து விடியும் வரை கைகொடுக்கும். அப்புறம் சிறுநீர் கழித்துவிட்டு வாருங்கள். அடக்கிக்கொண்டு படுத்தால் தூக்கமும் வராது, வெளியே போகும் பயத்தில் நெளிந்துகொண்டே இருப்பீர்கள்.

கொதித்த தண்ணீரைத் தாங்கும் கெட்டியான பாட்டில் இருந்தால் சுடுதண்ணீர் நிரப்பி, மூடியை இறுக்கி, தலைகீழாகப் பிடித்து ஒழுகுகிறதா என்று பார்த்து, ஒரு காலுறைக்குள் போட்டுத் தொடைகளுக்கு நடுவே வையுங்கள். பெரிய ரத்தக் குழாய்கள் அங்கே இருப்பதால் சூடு உடம்பெல்லாம் பரவும். மினரல் வாட்டர் பாட்டில் கூடாது, சூட்டில் சுருங்கிக் கொட்டிவிடும்.

பைக்குள் நுழையும் முன் இருபது முப்பது தடவை உட்கார்ந்து எழுந்திருங்கள், வியர்க்காத அளவுக்கு. சூடான உடம்போடு நுழைந்தால் பை சீக்கிரம் சூடாகும். மூக்கையும் வாயையும் வெளியே வைத்துத் தூங்குங்கள். தலையை உள்ளே இழுத்துக்கொண்டால் ஐந்து நிமிடம் இதமாக இருக்கும், பிறகு மூச்சின் ஈரமெல்லாம் பைக்குள் இறங்கும். மூக்கு குளிர்ந்தால் கழுத்துத் துணியை மேலே ஏற்றுங்கள். கூடாரத்தின் காற்று வழியையும் அடைக்காதீர்கள், அடைத்தால் காலையில் உள்கூரையிலிருந்து சொட்டும்.

விடியலுக்குச் சற்று முன்புதான் குளிர் உச்சம். ஃபிலீஸைக் கழற்றிவிட்டுப் படுத்திருந்தால் அதைத் தலைமாட்டில் கை எட்டும் இடத்தில் வையுங்கள், கொஞ்சம் குளிர்கிறதே என்று தோன்றியதும் போட்டுக்கொள்ளுங்கள். மாறாக வியர்த்தால் முதலில் குல்லாயை எடுங்கள், பிறகு ஜிப்பை இறக்குங்கள்.

காலையில் வருவதுதான் எல்லோரும் தவறும் இடம். நடக்கும் ஜோடி இன்னும் ஈரமாக, சில்லென்று கயிற்றில் தொங்கும். அதைத்தான் திரும்பப் போட வேண்டும். இரண்டாம் ராத்திரியும் மலையில் என்றால், காய்ந்த ஜோடியைப் போட்டுக்கொண்டு நடந்தவருக்கு அன்று ராத்திரி மாற்றிக்கொள்ள ஒன்றும் இருக்காது. பத்து நிமிடம் ஏறினால் ஈரச் சட்டை சூடாகிவிடும், பல்லைக் கடித்துக்கொண்டு போடுங்கள்.

நேராகக் கொர்புக்குப் போகாதீர்கள்

முதல் சோதனையைக் கேமரனில் செய்யுங்கள். சிம்பாங் பூலாய் வழியாக ஏறிப் போய், தானா ராத்தா பக்கம் முகாம் போட அனுமதிக்கும் இடத்தில் ஒரு ராத்திரி தூங்கிப் பாருங்கள். அங்கே 1,400 மீட்டருக்கு மேல், ராத்திரி பதினைந்து டிகிரி பக்கம் வரும். குளிர் எங்கே பட்டது, முதுகிலா, காலிலா, கழுத்திலா என்று காலையில் எழுந்ததும் எழுதி வையுங்கள். முதுகு என்றால் பாய், கால் என்றால் காலுறையும் கால்முனை ஜாக்கெட்டும், கழுத்து என்றால் பையின் கயிறு. முடியாவிட்டால் காரும் கடையும் பக்கத்தில் இருக்கின்றன. கொர்பில் அந்த வசதி இல்லை, அங்கே போக வனத்துறை பெர்மிட்டும் மாலிமும் வேண்டும், பாதியில் திரும்புவது எல்லோருக்கும் சிரமம்.

வீட்டுக்கு வந்ததும் பையை மூட்டையோடு மூலையில் போட்டுவிட்டு வேலைக்குப் போகாதீர்கள். நம் ஊர்க் காற்றில் இரண்டே நாளில் பூசணம் பிடித்து வாடை ஏறிவிடும். அன்றே விரித்து, நேர் வெயில் படாத நிழலில், காத்தாடிக்குக் கீழே தொங்கவிட்டுத் திருப்பித் திருப்பிக் காய வையுங்கள், கால்முனையை உள்பக்கம் வெளியே வருமாறு புரட்டிவிடுங்கள், ஈரம் அங்கேதான் ஒளிந்திருக்கும். நன்றாகக் காய்ந்த பிறகு சின்ன உறைக்குள் திணிக்காமல், ஒரு பெரிய தலையணை உறைக்குள் தளர்வாகப் போட்டு அலமாரியின் மேல்தட்டில் வையுங்கள்.